திரும்பிப் பார்க்காமல் நடக்கவும்

பெண் பார்க்க யாராவது விடியற்காலை ஆறு மணிக்குப் போவார்களா? திருப்போரூர் பிரவின்குமார் போனான். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்த ஜோசியரை ஓரங்கட்டிவிட்டு அவன் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: "அப்பதாம்மா லைட்டு நல்லா இருக்கும்."

அவன் அம்மா வசுமதிக்கு முதலில் விளங்கவில்லை. "இன்னா லைட்டு? அந்நேரத்துக்கு எவன் வூட்ல லைட்டு போட்டுகினு குந்திகினு இருப்பான்?" என்று கேட்டாள். சூரியன் கடலுக்கு மேலே ஒரு சாண் ஏறுகிற வரைக்கும்தான் வெளிச்சம் பொன்னாக இருக்கும், அதற்கப்புறம் எடுக்கிற படமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போகும் என்று மகன் பாடம் நடத்தினான். முப்பத்து நாலு வயசுப் பிள்ளை. வந்த ஜாதகமெல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிற பிள்ளை. அது கல்யாணப் பேச்சு எடுத்த இடத்தில் கவலைப்பட்டது சூரியனைப் பற்றி. வசுமதி தலையில் அடித்துக்கொண்டு காபி போடப் போனாள்.

எல்லாம் அந்த டிரோன் வாங்கினதிலிருந்து வந்த வினை. சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை; போனஸ் வந்த கையோடு போய் வாங்கிவிட்டான். இருப்பதிலேயே சின்ன ரகம், கொஞ்சம் பெரிய வவ்வால் அளவுதான் இருக்கும். "புதுசா கத்துக்கறவங்களுக்கு இதுதான் சார் சரி" என்று கடைக்காரர் சொன்னார். இதை வாங்கிவிட்டால் அப்புறம் கத்துக்கவே வேண்டியதில்லை என்று நம்ம ஆள் எடுத்துக்கொண்டான்.

முதல் வாரத்துப் படங்களைப் பார்த்தவர்கள் பாவம். ஷேர் ஆட்டோவில் கடைசியாக ஏறித் தொங்கிக்கொண்டே போகிறவன் போனில் எடுத்த மாதிரி எல்லாம் ஆடின. பக்கத்து வீட்டு செங்கல்வராயன் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கோவணத்தோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே இது போய் நின்று ரீங்காரம் போட்டது. மனுஷன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வீசினார். குறி தப்பியது. ஆனால் தெருவில் மானம் போனது போனதுதான். ஒரு மாசம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, அதற்கப்புறம் பிரவின் கற்றுக்கொண்டான். ராத்திரி பகலாகப் போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். ரிமோட்டில் கட்டை விரலைக் குழந்தை கன்னத்தில் வைக்கிற மாதிரி வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். போகும்போது எதிர்காற்றில் போனால்தான் பேட்டரி தீருகிற நேரத்தில் காற்றே திரும்பத் தள்ளிக்கொண்டு வரும். கடலோரத்தில் உப்புத் தூவானம் லென்ஸில் படியும், துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், ரொம்ப மேலே போகக்கூடாது. மேலே போகப் போக ஊர் ஊராக இருக்காது, சர்வே படமாகிவிடும். இதையெல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவன் சொல்ல, அப்பா சதாசிவம் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு இருந்தது ஒரே பயம். "கல்பாக்கம் அணு உலை பக்கம் மட்டும் அத்த இஸ்துகினு போவாத நைனா. ஜெயில்ல வந்து எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்."

அந்தப் பக்கம் அவன் போகவில்லை. மாமல்லபுரம் சிற்பங்களுக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்ததுமே காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். முட்டுக்காட்டில் ஒரு பருந்து அதைத் துரத்திய துரத்தலில் பிரவின் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டான். கடைசியில் கிடைத்தது திருவிடந்தைக் கடற்கரை. சவுக்குத் தோப்பு, மணல், நாலு ஃபைபர் படகு, அலை. அங்கே போய் அவன் எடுத்த படங்கள் நிஜமாகவே நன்றாக இருந்தன. தன்னுடைய சேனலில் போட்டான். பார்த்த கொஞ்சநஞ்சப் பேரும் ஒரே குறையைத்தான் எழுதினார்கள்: அழகா இருக்கு தலைவா, ஆனா ஒரு ஆள் நடந்து போனா எவ்வளவு நல்லா இருக்கும்!

ஆள். அது ஒன்றுதான் இல்லை. சதாசிவத்தைக் கூட்டிப்போய் நடக்க விட்டுப் பார்த்தான். அவர் முட்டி வலியோடு நாலு எட்டு வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் வைஷாலி வந்தாள். வந்ததும் அதே திருவிடந்தையில்தான். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அந்தப் பெருமாள் கோவிலுக்கு மாலை வாங்கிப்போய்ச் சாத்தி, திரும்பக் கொடுக்கிற மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது சுற்று சுற்றுவார்கள். பிரவின் முன்னால் சுற்ற, அவள் பின்னால் சுற்றினாள். ஓரமாக உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாக்களும், அதாவது வசுமதியும் வைஷாலியின் அம்மா மீனாட்சியும், மூணாவது சுற்றில் சிரித்துக்கொண்டார்கள், அஞ்சாவது சுற்றில் ஊர் பேர் கேட்டுக்கொண்டார்கள், சுற்றி முடிப்பதற்குள் நட்சத்திரம் வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். பெருமாளே அவ்வளவு சீக்கிரம் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பிரவினுக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பிடித்துப்போயிற்று. அவன் மூக்குக்கண்ணாடி மாலையில் சிக்கிக்கொண்டு தடுமாறியபோது அவள் நின்று, எடுத்துவிட்டு, "மாலை உங்களைக் கட்டிக்கப் பாக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனைத் தூங்கவிடவில்லை. இந்த இடம் மட்டும் அமைந்துவிடட்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று மனசார வேண்டிக்கொண்டான்.

ஜாதகம் பொருந்தியது. பூ, பழத்தோடு எல்லோரும் வருவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் மாப்பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும், ஒரு விஷயம் நேரில் கேட்க வேண்டும் என்று வைஷாலி சொல்லி அனுப்பினாள். இடத்தையும் நேரத்தையும் அவரே சொல்லட்டும் என்றாள். அவர் சொன்னார்: திருவிடந்தைக் கடற்கரை, காலை ஆறு மணி. கூடவே ஒரு செய்தியும் போட்டார்: 'முடிஞ்சா சிவப்பு டிரஸ் போட்டுட்டு வாங்க.'

கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள் அவள். எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். இருந்தும் இருட்டோடு எழுந்து, சிவப்புச் சுடிதார் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் டீ நிரப்பி, இரண்டு டம்ளரை ஸ்கூட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். வண்டியை ஈ.சி.ஆர். சாலை ஓரம் நிறுத்திவிட்டு, சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் இறங்கி வந்து நின்றபோது அவள் முகத்தில் ஒரு சின்ன வெட்கம் இருந்தது.

"சிவப்பு எனக்குப் பிடிக்கும்னு எப்படிங்க தெரியும்?"

"மணலுக்கு எடுப்பா இருக்கும்ங்க" என்றான் பிரவின். குனிந்து டிரோனின் இறக்கைகளை விரித்துக்கொண்டிருந்தான்.

மகா ரசிகன்! அந்த வெட்கம் அப்போதே பாதி வடிந்துவிட்டது. அவள் ஃபிளாஸ்க்கை மணலில் நட்டு வைத்து டீ ஊற்றினாள். அவன் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். டிரோன் கிளம்பியது. தூரத்தில் படுத்திருந்த இரண்டு நாய்கள் எழுந்து அதைப் பார்த்துக் குரைத்தன. கடலின் விளிம்பில் சூரியன் அப்போதுதான் தலையைக் காட்டிக்கொண்டிருந்தது. பிரவினுக்குக் கை பரபரத்தது.

"நீங்க பேசுங்க, நான் கேட்டுகினேதான் இருக்கேன்" என்றான், போன் திரையைப் பார்த்தபடி.

அவள் பேசினாள். அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது என்றாள். அண்ணன் தம்பி யாரும் இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ராத்திரியில் எழுந்து தடுமாறுகிறாள் என்றாள். "ம்" என்றான் அவன். கல்யாணத்துக்கு அப்புறம் அம்மாவைத் தனியாக விட முடியாது, என்கூடத்தான் இருப்பாங்க, இதுக்காகவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு என்றாள். "ம்… ம்" என்றான். ஃபிளாஸ்க் நீல நிறம். படத்தில் அது மட்டும் உறுத்திக்கொண்டு நின்றது. அதை எப்படி எடுக்கச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

காற்றுக்குக் கேட்டது. நாய்க்குக் கேட்டது. கரையேறின படகில் வலை உதறிக்கொண்டிருந்த ஆளுக்குக்கூட அரைகுறையாகக் கேட்டிருக்கும். இவனுக்குக் கேட்கவில்லை. காது இருந்தது, காதில் சத்தமும் விழுந்தது. ஆனால் ஆள் பூராவும் உள்ளங்கை அகலத் திரைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, மூன்றில் ஒரு பங்கில் கடல், மூன்றில் இரண்டு பங்கில் மணல் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

வைஷாலி ஒரு எட்டு கிட்டே வந்தாள். "நான் கேட்டது இதுதாங்க. அம்மா நம்மகூட இருக்கறதுல உங்களுக்குச் சம்மதமா? இல்லேன்னாலும் பரவால்ல, நேரா சொல்லிடுங்க."

அந்த நொடியில் சூரியன் முழுசாக வெளியே வந்தது. ஈர மணல் பூராவும் தகடு போட்ட மாதிரி தகதகத்தது. பிரவினுக்கு மூச்சே நின்றுபோயிற்று.

"ஐயையோ, நகராதீங்க! இல்ல இல்ல, நகருங்க. அப்படியே அலை ஓரமா நேரா நடந்து போங்க. திரும்பிப் பாக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் நிக்கவே நிக்காதீங்க."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நிமிர்ந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவன் நிமிரவில்லை. "லைட்டு போவுதுங்க, சீக்கிரம்" என்றான்.

"சரிங்க" என்றாள் வைஷாலி.

குனிந்து ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டாள். அவனுடைய டம்ளரிலிருந்த ஆறின டீயை மணலில் கவிழ்த்து அதையும் எடுத்துக்கொண்டாள். செருப்பை ஒரு கையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். சொல்லாமலேயே ஃபிளாஸ்க்கை அப்புறப்படுத்திவிட்டாளே, என்ன புத்திசாலிப் பெண் என்று பிரவின் உருகினான்.

அடேங்கப்பா, என்ன ஷாட் அது! ஈர மணலில் ஒவ்வொரு காலடியாகப் பதிகிறது. நீளமான நிழல் ஒன்று கூடவே போகிறது. சிவப்புத் துப்பட்டா காற்றில் எழுந்து எழுந்து விழுகிறது. டிரோன் அவள் முதுகுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், ஆடாமல் அசையாமல் மிதந்தது. கட்டை விரல் குழந்தை கன்னத்தில் வைத்தபடி வைத்ததுதான். நடுவில் ஒரு தடவை அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் விழுகிற முடியை ஒதுக்குகிறாள், எவ்வளவு இயல்பாகச் செய்கிறாள் பார் என்று இவன் மெச்சிக்கொண்டான்.

அவள் தண்ணீர் ஓரத்தை விட்டு விலகி சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தாள். அவன் டிரோனை மெதுவாக மேலே ஏற்றினான். மரங்களின் உச்சி கீழே நழுவிப் போக, அந்தப் பக்கம் கறுப்பாக நீண்டு கிடக்கிற ஈ.சி.ஆர். தெரிந்தது. இந்த மாதிரி ஒன்றை எடுத்துவிட மாட்டோமா என்று அவன் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறான்! தோப்பிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி வெளியே வந்தது. ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தது.

"ஸ்கூட்டியா! செம ஐடியாங்க!" என்று கத்தினான் பிரவின்.

ஒரு பக்கம் கடல், அதை ஒட்டித் தோப்பு, தோப்பை ஒட்டிக் காலி ரோடு, அதில் கோவளம் பார்த்துப் போகிற ஒற்றை ஸ்கூட்டி. கூடவே பறந்தான். திரையில் சிக்னல் குறைகிறது என்று எழுத்து வந்து மினுக்கும் வரைக்கும் பறந்தான். ஸ்கூட்டி சின்னதாகி, இன்னும் சின்னதாகி, வளைவில் மறைந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. சந்தோஷத்தில்தான்.

"கட்! சூப்பர்ங்க! வாங்க, டீ குடிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தான்.

மணலில் இரண்டு நாய்கள் நின்றுகொண்டிருந்தன.

அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? ரோட்டில் திரும்ப இடம் கிடைக்காமல் கொஞ்சம் தூரம் போயிருப்பாள், வந்துவிடுவாள் என்று நின்றான். டிரோன் தானாகவே வந்து காலடியில் இறங்கியது. பொன் வெளிச்சம் மஞ்சளாகி, மஞ்சள் சுண்ணாம்பாகியது. போன் போட்டான், அவள் எடுக்கவில்லை. 'ஷாட் செமயா வந்திருக்கு, எங்க இருக்கீங்க?' என்று செய்தி போட்டான். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை. வலை உதறிக்கொண்டிருந்த ஆள் பக்கத்தில் வந்து, "இன்னா அண்ணாத்த, பொண்ணு கெளம்பிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது வசுமதி போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தாள். பேசி முடித்த முகம்.

"இன்னாடா பண்ண நீ?"

"இன்னாம்மா? ஷூட் பண்ணேன்."

"மீனாட்சியம்மா பேசுனாங்க. அந்தப் பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சாமே, அதுக்கு இன்னா பதில் சொன்ன?"

பிரவின் யோசித்தான். கடல் ஞாபகம் இருந்தது, நிழல் விழுந்த கோணம் ஞாபகம் இருந்தது, துப்பட்டா எந்தப் பக்கம் பறந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. "இன்னா கேட்டாங்க?" என்றான்.

சதாசிவம் பேப்பரைக் கீழே இறக்கினார். வசுமதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அவங்கம்மா கண்ணாலத்துக்கு அப்பால கூடவே இருக்கணுமாம். ஒனக்குச் சம்மதமான்னு கேட்டிருக்கு."

"அவ்ளோதானா? இருக்கட்டுமே! மாடி ரூம்பு சும்மாதான கீது. எனக்கு இன்னா வந்துச்சு?"

"இத்த அங்க சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னாடா கேடு ஒனக்கு!" வசுமதிக்குக் குரல் உடைந்தது. "எம்மாங் கோவிலு ஏறி எறங்கனேன் நானு. நடந்து போ, திரும்பிப் பாக்காதன்னியாமே. அந்தப் பொண்ணுக்குத் தெரியும்டா, நீ கேமராவுக்குத்தான் சொன்னன்னு. அது தெரிஞ்சுதான் போய்கினே இருந்திருக்கு."

அவன் மாடிக்கு ஓடினான். ஓடிப்போய் மறுபடியும் போன் போட்டான். இந்தத் தடவை அவள் எடுத்தாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"வைஷாலி, நான் பிரவின். எனக்குச் சம்மதம்ங்க. நூறு தடவை சம்மதம். உங்கம்மா நம்மகூடவே இருக்கட்டும்."

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"எங்கம்மா."

"நான் ஒரு அடி தள்ளி நின்னு ரெண்டு தடவை சொன்னேங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். "அது எங்கம்மாகிட்ட போய், உங்கம்மாகிட்ட போய், சுத்திக்கிட்டு உங்ககிட்ட வந்து சேந்திருக்கு. நாளைக்கு எனக்கு நெஞ்சு வலிச்சாலும் உங்கம்மாகிட்டதான் சொல்லி அனுப்பணுமான்னு வண்டி ஓட்டிக்கிட்டே யோசிச்சேன். அவ்வளவுதான்."

"ஸாரிங்க. இன்னொரு தடவை பாக்கலாமா? டிரோன் எடுத்துகினு வரமாட்டேன். சத்தியமா வரமாட்டேன்."

அவள் யாரோ ஒரு நோயாளியிடம் "முட்டியை மடக்குங்க ஐயா, மெதுவா" என்று சொல்வது கேட்டது. அப்புறம் அவள் கேட்டாள். "வீடியோ எப்படி வந்திருக்கு?"

கதவு திறந்துவிட்டது என்று நினைத்தான் மடையன். மூச்சு விடாமல் சொல்ல ஆரம்பித்தான்: வெளிச்சம் எப்படி விழுந்தது, நிழல் எப்படி நீண்டது, தோப்புக்கு மேலே ஏறும்போது ரோடு எப்படித் திறந்தது, தன் வாழ்நாளில் இவ்வளவு நல்ல படம் எடுத்ததே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னான். அவள் நடுவில் குறுக்கிடவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டாள்.

"அதுலேர்ந்து போட்டோவா எடுக்க முடியுமா?"

"தாராளமா எடுக்கலாம்ங்க. எத்தனை வேணும்?"

"முகம் தெரியற மாதிரி ஒண்ணு போதும். ஸ்டூடியோல எடுத்தது எதுவுமே நல்லா இல்ல. மதுராந்தகத்துல ஒரு இடம் வந்திருக்கு, போட்டோ கேட்டாங்களாம்" என்றாள் வைஷாலி. "சிரமம் இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க."

வைத்துவிட்டாள்.

பிரவின் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான். சிரமம் ஒன்றும் இல்லை. வீடியோவில் பெரும்பாலும் அவள் முதுகுதான் இருந்தது. முகம் தெரிந்தது நடக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரே இடத்தில். சூரியன் முழுசாக வந்த அந்த நொடி. பாதி முகத்தில் பொன் வெளிச்சம், உதடு லேசாகப் பிரிந்திருக்கிறது, கண் நேராக எதிரே நிற்கிற ஆளைப் பார்க்கிறது. என்னமோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். கண் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. டிரோன் சத்தத்தைப் பதிவு பண்ணாது.

இதை விட நல்ல படம் கிடைக்காது என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு குறை, இடது ஓரத்தில் போனைப் பார்த்துக் குனிந்த ஒரு தலை பாதி வந்திருந்தது. அதை வெட்டினான். வெட்டியதும் படம் இன்னும் நன்றாக இருந்தது. தரம் குறையாமல் அனுப்பி வைத்தான்.